பாய்லர் ஆபரேட்டர் படித்த இந்தி

கடலூரில் இந்தி டியூஷன் எடுப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் கண்டுபிடிக்க ஊரில் ஆள் கிடையாது.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஆரம்பித்தேன். டியூஷன் எடுத்துத் தொண்டை கட்டிய புண்ணியவான்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஒருத்தன் பென்சிலை இன்னொருத்தன் கடித்துவிட்ட வழக்கு, அதற்கு நடுவே நாம் கத்திக் கத்திப் பாடம் எடுக்க வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்க வரும் அம்மாக்களிடம் நான் ஒரே வசனத்தைத்தான் சொல்வேன்: “பத்து வயசுக்குள்ள சேத்துடுங்க. அதுக்கு மேல நாக்கு வளையாது.” இதை எனக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன், பாய் நிறைந்தது.

பாஸ் பண்ணிய பையன்

ஐந்தரை வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். டிவி விளம்பரமோ, பஸ் கண்டக்டர் கத்துவதோ, என் பாடமோ, எது காதில் விழுந்தாலும் அப்படியே அவன் வாயிலிருந்து திரும்பி வரும். மூன்று மாதத்தில் முதல் புத்தகம் முழுக்கத் தலைகீழ்ப் பாடம். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம். அவனைக் காட்டித்தான் அடுத்த பத்துப் பிள்ளைகளைச் சேர்த்தேன்.

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான். அந்தச் சந்தோஷத்தில், “முதல் பாடத்துல அந்தப் பையன் எங்க போறான் சொல்லு?” என்று தமிழிலேயே கேட்டேன். அவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், “எந்தப் பையன் டீச்சர்?” என்றான். அவனுடைய அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்வீட் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எம்புள்ள பாஸ் பண்ணிட்டான் டீச்சர், அது போதும். என்னாத்த பாஸ் பண்ணான்னு அவன் பெரியவனானதும் கேட்டுக்கலாம்.”

ஐம்பத்தெட்டு வயது அட்மிஷன்

இரண்டாயிரத்து ஆறு, பொங்கல் முடிந்த வாரம். ஒரு பெரியவர் வந்தார். பிள்ளைகளின் செருப்புக் குவியலிலிருந்து தள்ளி, தன் செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு நின்றார். பெயர் கலியபெருமாள். செம்மங்குப்பத்தில் ஒரு ஃபேக்டரியில் முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் ஆபரேட்டர். போன மாதம்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். “பேரப்புள்ளைக்கு என்ன வயசுங்க?” என்று கேட்டேன். “பேத்திக்கு மூணரை. ஆனா சேர வந்தது நான்தான் டீச்சர்” என்றார்.

விஷயம் இதுதான். மகன் செந்தில் ராய்ப்பூர் பக்கம் வேலை பார்த்தபோது அங்கேயே ரேகா என்ற பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். பெண்ணின் அண்ணன்மார்கள் வீட்டு வாசலையே மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவனுக்கு மஸ்கட்டில் வேலை. மனைவியையும் மகள் பிங்க்கியையும் இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டான். கலியபெருமாளின் மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. ஆக, வீட்டில் மாமனாரும் மருமகளும் குழந்தையும்தான். அவருக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. சமைத்துத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். மத்தியானத்தில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க இவரிடம் பாஷை இல்லை.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. “அம்பத்தெட்டு வயசுல நாக்கு வளையாதுங்க. மருமகளை அனுப்புங்க, நான் தமிழ் சொல்லித்தர்றேன்” என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். அவர் நகரவில்லை. “அது நம்ம வூட்ட நம்பி வந்த பொண்ணு. நாமதான டீச்சர் மொதல்ல பேசணும்?”

மணிக்கொரு வரி

சேர்த்துக்கொண்டேன். பாயில் உட்கார முட்டி மடங்காது என்பதால் பின்னால் ஒரு பெஞ்ச் போட்டேன். முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் இரைச்சலில் நின்ற காது, மெல்லிய சத்தமெல்லாம் அதில் ஏறாது. பிள்ளைகள் ஒரு நாளில் பத்து வரி படித்துவிட்டுத் திங்கட்கிழமை மறந்துவிட்டு வரும். இவர் ஒரு வரிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். மனசுக்குள் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாய்லரில் வேலை பார்ப்பவர்கள் மணிக்கு ஒரு தரம் பிரஷர், தண்ணீர் மட்டம் எல்லாம் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும். ஒன்றும் ஆகாவிட்டாலும் எழுத வேண்டும். அதே மாதிரி இவர் ஒரு நோட்டுப் போட்டார். மணிக்கு ஒரு தரம் சமையலறை வாசலுக்குப் போய் ஒரு இந்தி வரி சொல்வது, என்ன நடந்தது என்று எழுதுவது. நான் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ‘காலை 7: தண்ணீர் வேண்டும் என்றேன். கொடுத்தது. 8: சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றேன். பார்த்தது. 9: சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றேன். பார்க்கவில்லை. 10: சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டது.’

“ஏங்க, சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாச்சே, அதையே ஏன் சொன்னீங்க?” என்றேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “நீங்க ரெண்டு வரிதான டீச்சர் குடுத்தீங்க? தண்ணி குடிச்சாச்சு.”

யானை காட்டில் இருக்கிறது

அடுத்த மாதம் கூடுதலாக வரிகள் கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகம். அதையே கொடுத்தேன். அவர் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மணி தவறாமல் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி ரவுண்டுக்கு, சமையலறை வாசலில் விறைப்பாக நின்றுகொண்டு, “யானை காட்டில் இருக்கிறது. என் பெயர் மோகன். நான் ஒரு மாணவன்” என்று இந்தியில் முழங்கியிருக்கிறார்.

ரேகா கையில் கரண்டியோடு அப்படியே பார்த்தாளாம். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நான் கொடுத்த பாடத்தால் ஒரு பெரிய மனிதர் மருமகள் முன்னால் கோமாளியாகிவிட்டாரே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டில் அந்த வரியைக் கோடு போட்டுக் காட்டினார். “அத வுடுங்க டீச்சர். அன்னிக்கி மத்தியானம் அழுவல. அந்தப் புத்தகத்துல வேற எதனா மிருகம் இருக்குதா?”

கேள்வி ஒன்று, பதில் இருபது நிமிஷம்

கடைசியில் அவர் எதற்காக வந்தாரோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். ‘ஏனம்மா அழுகிறாய்?’ என்பதை இந்தியில் ஒன்பது நாள் மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கேட்டிருக்கிறார். மறுநாள் முகம் வெளுத்துப் போய் வந்தார். “கேள்விய குடுத்தீங்க டீச்சர். பதில் வந்துச்சு பாருங்க, இருவது நிமிசம் நிக்கவே இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல, தலைய ஆட்டிகினே நின்னேன். நீங்க வந்து என்னான்னு கேளுங்க” என்றார்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை எல்லா இந்திப் பரீட்சையும் பாஸ் பண்ணி, சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தேனே தவிர, இந்தி பேசுகிற ஒரு மனுஷியோடு ஒரு நாள்கூடப் பேசியதில்லை. போனேன். ரேகா பேசினாள். நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. நான் திருப்பிக் கேட்ட இந்தியை அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

அப்போது கலியபெருமாள் நோட்டைப் புரட்டினார். “டீச்சர், இது தெனம் மூணு மணிக்குத்தான் அழுவுது. காலைல அழுவாது, சாய்ந்தரம் அழுவாது. மூணு மணிக்கு அங்க என்னா நடக்கும்னு கேளுங்க” என்றார். கேட்டேன். ராய்ப்பூரில், அண்ணன்மார்களுக்குத் தெரியாமல், அவர்கள் கடைக்குப் போயிருக்கும் மூன்று மணிக்கு, ரேகாவின் அம்மா வந்து பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டுப் போவாராம். பிங்க்கியை மூன்று வருஷமும் குளிப்பாட்டியது அந்த அம்மாதான். ஒரு பாஷையும் தெரியாமல் இந்த மனிதர் பாதிப் பதிலை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, எனக்குப் புரிய வேண்டுமென்று ரொம்ப மெதுவாக, இந்தியில் கேட்டாள்: “மேடம், நீங்க எந்தப் புத்தகத்திலிருந்து வந்தீங்க?”

பிங்க்கிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அந்த வீட்டில் இன்னொரு அதிசயம் சத்தமில்லாமல் நடந்தது. சத்தமில்லாமல் என்று சொல்லக் கூடாது, தெருவே அதிர நடந்தது. பிங்க்கி தெருப் பிள்ளைகளோடு விளையாடப் போனாள். முதல் மாதம் கையைக் காட்டினாள். இரண்டாம் மாதம் ‘குடு’, ‘வா’, ‘போ’ என்றாள். நாலாவது மாதம் நான் கொத்தமல்லிக் கட்டோடு அந்தப் பக்கம் போகிறேன், அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு பையனை மிரட்டுகிறாள்: “ஏய், என் பந்த குடு. குடுக்கல, எங்க தாத்தாவ இட்டாந்துடுவேன் பாத்துக்க!”

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பாய் இல்லை, போர்டு இல்லை, டீச்சர் இல்லை. இந்த ஊர் இழுப்பு, இந்த ஊர்க் கோபம், எதிலும் ஒரு குறை இல்லை. மனிதக் குழந்தை என்பது என்ன ஒரு பிறவி என்று உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் கலியபெருமாள் நோட்டோடு நின்றிருந்தார். அவரும் பேத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஒரு வரிக்கு ஒரு வாரம் படிக்கிறேன். இது தூங்கி எழுந்துச்சுன்னா ஒரு பாஷை பேசுது. கடவுளுக்கே இது ஜாஸ்தியா தெரியல?”

பஸ்ஸில் நான் மாணவி

இரண்டாயிரத்து எட்டில் எனக்கு இன்னொரு வேலை வந்தது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் டாக்டருக்குப் படிக்கும் வடநாட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் தமிழ் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்கள் இந்தியில் சந்தேகம் கேட்டால் என்ன செய்வது? ரேகாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். அவளுக்கும் வாரம் ஒரு நாள் வாய் வலிக்க இந்தி பேசலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க அவள் எனக்கு டீச்சர். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. என் கணக்குப்படி நாக்கு வளையாமல் முப்பத்தொரு வருஷமாகியிருந்தது.

முதல் ஆறு மாதம் பயங்கரம். வாயைத் திறந்தால் புத்தகம் வரும். ரேகா பொறுமையாக, “மேடம், இப்படி யாரும் பேச மாட்டாங்க” என்பாள். மாணவனாக இருப்பது எத்தனை பெரிய கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் தலையில் குட்டிய பிள்ளைகளிடமெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். ஒரு சனிக்கிழமை, ஆலப்பாக்கம் தாண்டி நாங்கள் இருவரும் அவளுடைய அண்ணன்மார்களைத் திட்டிக்கொண்டு வந்தோம். கோபத்தில் எனக்கும் இந்தி கொட்டியது. கண்டக்டர் வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். மஞ்சக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த என்னிடம் கையை ஆட்டி ஆட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: “சிதம்பரம்... வந்தா... நானே... சொல்றேன். பயப்... படாதீங்க!”

அந்தச் சர்டிஃபிகேட்டுக்குத்தான் ஃப்ரேம் போட முடியவில்லை.

வார்டில் ஒரு தமிழ்

அண்ணாமலை நகர் மாணவர்களில் பாட்னா பையன் ஒருவன் ஹவுஸ் சர்ஜன். இருபத்து மூன்று வயது. நோயாளியிடம் கேட்க வேண்டிய நாற்பது கேள்விகளை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டான். நான் செய்த தப்பையே மறுபடி செய்தேன், மேடைப் பேச்சு மாதிரி தமிழில் எழுதிக் கொடுத்தேன். ‘தங்களுக்கு வலி எப்பொழுது தொடங்கியது?’ என்கிற ரகம். சரியாகக் கேட்கிறேனா என்று வந்து பார்க்கச் சொன்னான். போனேன்.

கிள்ளைப் பக்கத்து மீனவர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பையன் கேட்டான். அவர் விழித்தார். திருப்பிக் கேட்டான். மறுபடியும் விழித்தார். பையனுக்குக் காது சிவந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு நர்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் வயிற்றில் கையை வைத்து, முகத்தைப் பார்த்து மூன்றாவது தடவை கேட்டான். எனக்குத் தாங்கவில்லை, குறுக்கே புகுந்து மொழிபெயர்க்கப் போனேன். மீனவர் என்னைக் கையமர்த்தினார். “டாக்டர் தம்பி பேசுற தமிழு எனக்கு வெளங்கல. ஆனா அது கேக்குறது வெளங்குது. நீ சும்மா இரும்மா.”

புது அட்மிஷன்

இரண்டாயிரத்து ஒன்பதில் ரேகா பிங்க்கியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பாயில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. பிங்க்கியை எல்கேஜி சேர்த்தபோதே, வீட்டில் இரண்டு பாஷை பேசினால் குழந்தை குழம்பும் என்று ஒரு மிஸ் சொல்லியிருக்கிறார். கூடப் படித்த பிள்ளைகளும் இவள் இந்தியைக் கேலி செய்திருக்கிறார்கள். ரேகா பயந்துபோய் மகளிடம் இந்தி பேசுவதை நிறுத்திவிட்டாள். மகளிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டு, உடைந்த தமிழில் மகளோடு பேசினாள். இந்தி அவளுக்கும் மாமனாருக்கும் மட்டும் என்று ஆனது. குழந்தைதானே, எங்கே போகப் போகிறது என்று இருந்துவிட்டாள். போயே போய்விட்டது. எப்படிச் சத்தம் போடாமல் தமிழ் உள்ளே வந்ததோ, அப்படியே சத்தம் போடாமல் இந்தி வெளியே போய்விட்டது.

பத்து வயதுக்குள் சேர்த்துவிடுங்கள் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான். பத்து வயதுக்குள் பெற்ற தாயின் பாஷையே இப்படிக் கழன்று போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே. ரேகாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அம்மாவிடம் போனில் பேசும்போது பேத்தியின் குரலைக் கேட்கக் கொடுக்க முடிவதில்லையாம். பாட்டி பேசினால் இவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாளாம். நான் பிங்க்கியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தியில் உன் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் மரியாதையாக எழுந்து நின்றாள். “எனக்கு இந்தி தெரியாது டீச்சர். எங்கம்மாவுக்குத்தான் தெரியும். எங்க தாத்தாவுக்கும் தெரியும்.”

சாயங்கால போன்

அடுத்த வருஷம், மார்ச் மாதம். ரேகாவின் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். அண்ணன்மார்களே போன் செய்து வரச் சொன்னார்கள். பிங்க்கிக்குப் பரீட்சை. ரேகா மட்டும் ரயிலேறினாள். பிங்க்கி என் பாயில் அப்போது எழுத்தைத் தாண்டி யானைக்கு வந்திருந்தாள், அவ்வளவுதான். டியூஷன் முடிந்ததும் நான்தான் அவளை வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அப்படி ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது ரேகாவிடமிருந்து போன் வந்தது. “பாபூஜி” என்றாள். மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவாள். அம்மா பிங்க்கியோடு பேச வேண்டும் என்கிறார் என்று சொல்வதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. போனை அம்மாவின் வாயருகே பிடித்தாள். கலியபெருமாள் இந்தப் பக்கம் ஸ்பீக்கரைப் போட்டார்.

நூல் மாதிரி ஒரு குரல். சுத்தக் கிராமத்துப் பேச்சு. அண்ணாமலை நகர் வரை போய் இந்தி பேசிய எனக்குப் பாதிதான் புரிந்தது. காது மந்தமான அந்த மனிதர் ஒரு வார்த்தை விடவில்லை. நாலு வருஷமாக அதே பேச்சை அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். “ஆயா கேக்குது, சாப்டியான்னு.” “சாப்டேன்னு சொல்லு தாத்தா.” அதை இந்தியில் சொன்னார். “எத்தனாவது படிக்கிறன்னு கேக்குது.” அதையும் சொன்னார். குழந்தைக்கும் பாட்டிக்கும் நடுவே, அறுபத்திரண்டு வயதில், குனிந்து உட்கார்ந்துகொண்டு அவர் அங்கேயும் இங்கேயும் போய்வந்துகொண்டிருந்தார். அப்புறம் அந்தக் குரல் கொஞ்சம் நீளமாக ஏதோ கேட்டது. அவர் பேத்தியிடம் திரும்பினார். “ஒன்ன குளிப்பாட்டுறப்ப ஒரு பாட்டு பாடுவாங்களாம். ஞாபகம் இருக்குதான்னு கேக்குறாங்க. அவுங்கள ஞாபகம் இருக்குதான்னு கேக்குறாங்க.” பிங்க்கி நேர்மையான பெண். யோசித்துப் பார்த்துவிட்டு, “இல்லியே தாத்தா. யாரு அது?” என்றாள்.

அவர் பேத்தியின் தலையில் கையை வைத்தார். பிறகு போனைப் பார்த்து இந்தியில் பேசினார். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குளிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறாள். எனக்கும் அது பாதி பாடம் ஆகிவிட்டது. இப்போது வெட்கப்படுகிறாள், அதனால்தான் குரல் வரவில்லை. நீங்கள் எழுந்து உட்காருங்கள், கூட்டிக்கொண்டு வருகிறேன், நீங்களே கேளுங்கள். இத்தனையும் ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், ஒரு வார்த்தைக்குக்கூடத் தேடாமல் சொன்னார். அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்தது கேட்டது. ரேகா அழுததும் கேட்டது. ஒரு வரிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்ட மனிதர். இவர் நாக்கு வளையாது என்று நான் சொல்லியிருந்தேன்.

நாலு நாள் கழித்து அந்த அம்மா இறந்துபோனார். சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாராம், பேத்திக்கு வெட்கமாம், பேத்திக்கு வெட்கமாம் என்று. ரேகா திரும்பி வந்த பிறகு ஒரு நாள் கலியபெருமாளை வாசலில் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. “அன்னிக்கி அவ்ளோ சரளமா பேசுனீங்களே, அதெல்லாம் நான் சொல்லிக்குடுக்கவே இல்லியே” என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “உள்ளத உள்ளபடி சொல்ல நீங்க குடுத்த இந்தி போதும் டீச்சர். இல்லாதத சொல்லத்தான் நானா கத்துக்க வேண்டியதாப் போச்சு.”

வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் டியூஷனை மூடும் வரை, என்னிடம் படித்து உருப்படியாக இந்தி பேசிய ஒரே மாணவர் நான் சேர்க்க மாட்டேன் என்று சொன்னவர்தான் என்பதை விளம்பர நோட்டீஸில் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவே இல்லை.